எதிர்வெயிலில் மணமக்கள்: தமிழகத் திருமண ஒளிப்படக்கலையில் பொழுதும் மேனி நிறமும்

ஆய்வுச் சுருக்கம்

கதிரவனை முதுகுப்புறத்தே நிறுத்தி மணமக்களைத் திறந்த வெளியில் படமெடுக்கும் முறை தமிழகத்தில் பெருவழக்காகிவிட்டது. இம்முறையைக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் வடக்கே தொலைவிலுள்ள நாடுகளின் சாய்ந்த வெயிலையும் வெளிர்நிற மேனியையும் அளவாகக் கொண்டு எழுந்தவை. கதிரவன் சாயும் வேகம், முகூர்த்த வழக்கங்கள், மணமக்களின் உடை, மேனி நிறம் ஆகியவற்றைக் கருதும்போது அக்கணக்குகள் எங்கெங்கே மாறவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பின்னொளி, ஒளியளவி, மஞ்சள் வெயில், மாமை, திருமண ஒளிப்படம்.

முன்னுரை

எளிய பெட்டிக் கேமராக்கள் புழக்கத்தில் இருந்த காலத்தில் படமெடுப்போருக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, கதிரவன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்பது. படச்சுருளின் ஒளியுணர்திறன் குறைவாக இருந்தமையால் முகத்தில் நேர்வெயில் விழுவது அன்று தேவையாயிற்று. அதன் விளைவைப் பழைய குடும்பப் படங்களில் இன்றும் காணலாம். புருவம் நெரிந்து, கண்கள் இடுங்கி, மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழ நிற்கும் மணமக்கள் வெட்கத்தால் அவ்வாறு நிற்கவில்லை, வெயிலால் நிற்கின்றனர்.

இன்று அவ்விதி தலைகீழாகியுள்ளது. மணமக்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கின்றனர். கண்கள் இயல்பாகத் திறக்கின்றன. முகத்தில் கூரிய நிழல் விழுவதில்லை. கூந்தலின் ஓரத்தில் ஒளிக்கோடு படர்கிறது. எண்ணெய் பூசி வாரிய கருங்கூந்தலில் அக்கோடு எவ்வளவு தெளிவாக ஒளிரும் என்பதையும், மல்லிகைச் சரத்தின் இதழ்களை ஊடுருவி வரும் வெயில் பூவுக்குள் விளக்கேற்றியதுபோல் தோன்றுவதையும் அறிந்த எந்த ஒளிப்படக் கலைஞரும் இம்முறையை எளிதில் கைவிடமாட்டார். ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. நிழலில் நிற்கும் முகத்துக்கு எவ்வளவு ஒளி தரவேண்டும் என்பதைக் கருவி தானாக அறியாது. அதனை முடிவு செய்பவர் மனிதர். அம்முடிவில் மணமக்களின் உண்மையான நிறம் தங்குவதும் தொலைவதும் அடங்கியுள்ளது.

பின்னொளியின் கணக்கு

உச்சிப்பொழுதின் நேர்வெயில் நிலத்தில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளியைத் தருகிறது. அதே பொழுதில் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் விழுவது வானத்தின் பரவலொளியும் தரையிலிருந்து எழும் எதிரொளியும் மட்டுமே. அது 10,000 முதல் 20,000 லக்ஸ் வரை இருக்கும். ஒளிப்பட வழக்கில் ஒளி இரட்டிப்பாவதை ஒரு படி என்பர். அக்கணக்கில் வெயில் படும் தோளுக்கும் நிழலிலுள்ள முகத்துக்கும் ஏறத்தாழ மூன்று படி வேறுபாடு. ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 2.8 என வைத்துக்கொண்டால், வெயில் படும் பொருளுக்கு நொடியில் 4,000-இல் ஒரு பங்கு நேரம் போதும். நிழல் முகத்துக்கு 500-இல் ஒரு பங்கு வேண்டும். இரண்டையும் ஒரே சொடுக்கில் முழுமையாகப் பெற இயலாது. எதை விடுவது என்பதே கேள்வி.

கேமராவின் ஒளியளவி இக்கேள்வியை அறியாமலேயே விடை சொல்லிவிடுகிறது. எதிரொளியை அளக்கும் ஒளியளவி, தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது எனக் கொள்கிறது. விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் அட்டை இதற்கு மரபான அளவு. பளிச்சிடும் வானமும் கடலும் சட்டகத்தை நிறைக்கும்போது அவற்றைச் சாம்பலாக்க அளவி ஒளியைக் குறைக்கிறது, முகங்கள் கருநிழலாகின்றன. 1983-இல் வெளிவந்த நிக்கான் எஃப்.ஏ. கேமரா, சட்டகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. பின்னொளிக் காட்சியை ஓரளவு கண்டுகொள்ளும் திறன் அதிலிருந்து வளர்ந்தது. இன்றைய கருவிகள் முகத்தையே கண்டறிந்து அளக்கின்றன. கைப்பேசிகளோ பல ஒளியளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாகக் கோத்து முகத்தை வெளிச்சமாக்கிவிடுகின்றன. உறவினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி, “இதில் முகம் தெரிகிறதே, உங்கள் படத்தில் ஏன் இருட்டு?” என்று தொழிற்கலைஞரைக் கேட்பது மண்டபங்களில் புதிதன்று. முகம் தெரிகிறது என்பது உண்மையே. பின்னொளி காணாமற்போனதையும் நிறம் மாறியதையும் அவர் கவனிப்பதில்லை.

எவருடைய மேனிக்கு எழுதிய அளவு?

முகத்தை மட்டும் தனியே அளந்து ஒளியைத் தீர்மானிப்பதே பின்னொளிக்கு ஏற்ற வழி எனக் கையேடுகள் கூறும். அவ்வாறு அளந்தபின் ஒரு படி கூட்டுக என்பது அடுத்த அறிவுரை. இந்த ஒரு படி எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது.

ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறையில், படத்தின் ஒளிநிலைகள் முழுக் கருமையிலிருந்து முழு வெண்மை வரை படிகளாகப் பகுக்கப்படுகின்றன. ஐந்தாம் மண்டலம் நடுச்சாம்பல். வெயில் படும் வெள்ளையர் மேனிக்கு ஆடம்ஸ் ஒதுக்கியது ஆறாம் மண்டலம். கருநிற மேனிக்கு ஐந்தாம் மண்டலம். ‘ஒரு படி கூட்டுக’ என்னும் அறிவுரை முன்னதற்குரியது. மூல நூலில் இருந்த வேறுபாடு வழிநூல்களில் பலவிடத்தும் உதிர்ந்துபோக, ஒரு பிரிவினருக்குரிய அளவு எல்லார்க்கும் பொதுவிதியாயிற்று. மாநிற மேனியுடைய மணமகளின் முகத்தை அளந்து ஒரு படி கூட்டினால், படத்தில் தோன்றுபவர் அவரைவிட இருமடங்கு ஒளி திருப்பும் தோலுடைய வேறொரு பெண்.

வண்ணப் படச்சுருளின் வரலாறும் இதே திசையில் சென்றது. அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து வழங்கிய அளவுப் படங்களில் இருந்தவர் வெள்ளை நிறப் பெண். அப்படங்கள் ‘ஷெர்லி அட்டை’ எனப் பெயர்பெற்றன. இதனை விரிவாக ஆராய்ந்த லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரை, கருநிற மேனியைப் படச்சுருள் சரிவரப் பதியாமைக்கு வேதியியலின் வரம்பு மட்டும் காரணமன்று, யாரை அளவாகக் கொள்வது என்ற தேர்வும் காரணம் என நிறுவியது. கூகுள் நிறுவனம் 2021-இல் தன் கைப்பேசியில் மேனி நிறத்துக்கென ‘ரியல் டோன்’ என்னும் ஏற்பாட்டைச் சேர்த்தது. 2022-இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிறப்படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டது. அளவுகோல் மாறிவருகிறது என்பதற்கு இவை சான்று. மண்டபத்தில் படத்தொகுப்பைப் பார்ப்போரின் கண் அந்த அளவுக்கு மாறவில்லை.

பேச்சுத் தமிழில் ‘கலர்’ என்னும் சொல் நிறத்தைக் குறிப்பதோடு நிற்பதில்லை, வெளிர்நிறத்தையே குறிக்கிறது. ‘பெண் நல்ல கலர்’ என்றால் பொருள் ஒன்றுதான். ஆல்பம் அச்சாகுமுன் ‘கொஞ்சம் கலர் ஏற்றுங்கள்’ என்று கேட்கும் குடும்பத்தினர் வண்ணச்செறிவைக் கேட்கவில்லை. தமிழின் பழைய அழகுச் சொற்களுள் ஒன்று இதற்கு நேர்மாறான பொருளுடையது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனி நிறம் மாமை எனப்படுகிறது. மாந்தளிரின் நிறம் அதற்கு உவமை. அந்நிறம் வெளிறிப்போவது பசலை. அது பிரிவின் அடையாளம். இக்கண்கொண்டு நோக்கினால், அளவுக்கு மீறி வெளிச்சமாக்கப்பட்ட திருமணப் படம் கூடலைக் கொண்டாடும் நாளில் மணமகளின்மேல் பசலையைப் பூசுகிறது எனலாம்.

பொழுதின் வேகம்

மேனிக்கு நேர்ந்ததே பொழுதுக்கும் நேர்ந்துள்ளது. கதிரவன் அடிவானுக்கு மேல் ஆறு பாகை உயரத்துக்கு இறங்கியபின் உள்ள ஒளியைப் ‘பொன்மணி நேரம்’ என மேலை வழக்கு கூறும். தமிழில் இதற்கு ‘மஞ்சள் வெயில்’ என்ற சொல் முன்பே உண்டு. அதில் மணிக்கணக்கு இல்லை, அதுவே நல்லது. சம இரவுபகல் நாளில் சென்னையின் வானில் கதிரவன் மணிக்கு ஏறத்தாழ 14.6 பாகை வீதம் இறங்குகிறது, இலண்டனில் 9.3 பாகை வீதம். ஆறு பாகையிலிருந்து அடிவானைத் தொட அங்கே 39 நிமிடம் ஆகிறது; இங்கே 25 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்குள் ஒளியளவு படிப்படியாகச் சரிந்துகொண்டே இருக்கும். ஆறு பாகையில் நிற்கும் கதிரவனின் ஒளி, உச்சிவேளையைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வெயிலுக்கும் நிழலுக்குமுள்ள வேறுபாடு குறைவதும் நிறம் பொன்னாவதும் அதனாலேயே. ஒரு மணி நேரம் இருப்பதாக நம்பிப் புடவை மாற்றக் காத்திருப்போர் இருட்டில் நிற்பர்.

உச்சிப்பொழுதிலும் கையேடுகள் துணைசெய்வதில்லை. சென்னையில் ஏப்ரல் 25, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டியும், மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்டு 27 ஆகியவற்றை ஒட்டியும் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். இவை சித்திரையும் ஆவணியும், அதாவது திருமண மாதங்கள். தலைக்கு நேர்மேலே நிற்கும் கதிரவனுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. எப்பக்கம் திரும்பினாலும் கண்குழிகளில் நிழல் தேங்கும். வைகாசி, ஆனி மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பதையும் தெற்கு நோக்கியே பழகிய கையேடுகள் சொல்வதில்லை. கதிரவன் 30 பாகைக்குக் கீழ் இறங்கினால்தான் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெயில் தெறிக்காமல் பின்னொளி ஒழுங்காக அமையும். சென்னையில் அது பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் விடிந்தபின் இரண்டு மணி நேரமுமே.

அந்நேரங்கள் மணமக்களிடம் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. விடியற்காலை முகூர்த்தமெனில் காலை வெயில் மணவறையிலேயே கழிகிறது. சடங்குகள் முடிந்து வெளியே வரும்போது மணி பத்தைத் தாண்டும். முதல் நாள் மாலை வரவேற்பெனில் நான்கு மணிக்கே மணமகள் ஒப்பனை அறைக்குள் சென்றுவிடுவார். உறவினர் வசதிக்காக ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தால், அன்று மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம். பொழுது முன்னதாகச் சாயும் மாதங்களில் மஞ்சள் வெயில் அதற்குள் அடங்கும். அப்பொழுதில் மணமக்களை வெளியே புறப்பட விடாத குடும்பங்கள் பல. திருமணத்துக்கு முன்போ பின்போ தனியே ஒரு நாள் குறித்து வெளிப்புறப் படமெடுக்கும் வழக்கம் பெருகியதற்குத் திரைப்படப் பாடல்களின் தாக்கத்தை மட்டும் காரணமாகக் கூறுவது முழுமையாகாது. நேரமின்மையும் ஒரு காரணம்.

கடற்கரையை விரும்புவோர் திசையையும் கருதவேண்டும். மெரினாவும் மாமல்லபுரமும் கிழக்கு நோக்கியவை. கடலும் பின்னொளியும் ஒருங்கே வேண்டுமெனில் அங்கே விடியற்பொழுது ஒன்றே வழி. ஆண்டு முழுவதும் சென்னையில் கதிரவன் எழுவது காலை 5.40-க்கும் 6.35-க்கும் இடையில். மாலையில் கதிரவன் சவுக்குத் தோப்புகளுக்கும் கட்டடங்களுக்கும் பின்னே மறையும். கடல் அதன் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு, பாடு என்பது படுதல் எனப் பொருள்கொள்வது பெருவழக்கு. சோழமண்டலக் கரையில் நின்று பார்ப்பவருக்கு அந்த ஞாயிறு கடலில் படுவதில்லை என்பது நினைவில் இருந்தால், கடலில் கதிரவன் சாயும் படத்தை எதிர்பார்த்து மாலையில் வண்டியேறும் ஏமாற்றம் நேராது.

வெள்ளை வேட்டியும் அரக்குப் பட்டும்

மணமகனின் வெள்ளை வேட்டி சட்டை, விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்புவதாகக் கொண்டால், அது நடுச்சாம்பலைவிட இரண்டு படிக்கு மேல் பளிச்சிடுவது. அதன் ஓரத்தில் நேர்வெயில் பட்டால் மேலும் மூன்று படி. முகத்தின் நிழலுக்கு ஏற்ப ஒளி வைத்த கேமராவில் அந்தத் தோள்விளிம்பு ஐந்து படி மேலே போய்விடும். எண்மக் கேமராக்கள் பெரும்பாலும் நடுச்சாம்பலுக்கு மேல் மூன்று அல்லது நான்கு படிக்குள் நிரம்பிவிடுகின்றன. அதற்குமேல் உள்ளது வெறும் வெண்மை. பிறகு எந்த மென்பொருளாலும் துணியின் இழையை மீட்க இயலாது. அரக்கு நிறப் பட்டோ 8 விழுக்காடு ஒளியைத் திருப்புவதெனக் கொண்டால், வெயில் பட்டும் இரண்டு படிக்குள் அடங்கி நிற்கும். ஆகவே ஓரவெயிலை மணமகளின் புடவைக்கும் கூந்தலுக்கும் கொடுத்து, மணமகனைச் சற்றே உட்புறமாக நிறுத்துவது நல்ல தீர்வு. முந்தானையின் அகன்ற சரிகைப் பகுதி வெயில் பக்கம் திரும்பினால் பாளம் பாளமாக வெளுக்கும். அதனை நிழற்பக்கம் கொள்ளவேண்டும். ஜிமிக்கியிலும் நெற்றிச்சுட்டியிலும் ஊசிமுனையளவு வெண்மை தெறிப்பது குறையன்று, அதுவே மின்னல். வானத்தின் நீலத்தைக் காப்பாற்றுவதற்காக முகத்தை இருட்டாக்குவோரும் உளர். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், நெசவு வெளுக்கக் கூடாது என்பதே பொருத்தமான வரிசை.

ஒளியை நிரப்புதல்

முகத்துக்கு ஒளி சேர்க்க மின்னொளி உண்டு. ஆனால் பெரும்பாலான கேமராக்களில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கு நொடிக்கு மேற்பட்ட வேகத்தில் சாதாரண மின்னொளி திரையோடு இசையாது. நேர்வெயிலில் 250-இல் ஒரு பங்கு வைத்தால் துளையை எஃப் 11 வரை சுருக்க நேரும். பின்னணி மங்கலாகக் கரையும் அழகு போய்விடும். உயர்வேக இசைவு இதற்கு விடையாயினும் மின்னொளியின் ஆற்றலில் பெரும்பகுதியை அது உண்டுவிடும்.

தமிழகக் கலைஞர்கள் திரைத்துறையிலிருந்து பெற்ற தெர்மோகோல் பலகை இவற்றைவிட இணக்கமானது. வெள்ளித்தாள் ஒட்டிய பலகை வெயிலை அப்படியே முகத்தில் அறைந்து, மையிட்ட கண்ணில் நீர் வரச்செய்யும். பழைய நேர்வெயில் படத்தின் இடுங்கிய கண்கள் வேறு வழியாகத் திரும்பிவிடும். வெண்பலகை ஒளியைப் பரப்பித் தருகிறது. அதுவும் இல்லாவிடத்தில் மணமக்களின் முன்னே, சட்டகத்துக்கு வெளியே, தரையில் விரித்த ஒரு வெள்ளை வேட்டி போதும். உலர்ந்த மணலும் சிமெண்டுக் களமும் தாமாகவே இப்பணியைச் செய்கின்றன. புல்வெளி செய்யாது, செய்தாலும் தாடைக்கடியில் பச்சையைப் பூசும். வேம்பு, புங்கம் ஆகியவற்றின் நிழலிலும் இலைவழி வடிந்த பச்சை உண்டு. நிழலின் நடுவில் நிற்பதைவிட வெளிநோக்கிய விளிம்பில் நிற்பது அதனைக் குறைக்கும்.

இணையர் படத்துக்கே உரிய சிக்கல் இரு முகங்களின் நிற வேறுபாடு. ஒருவர் மேனி 10 விழுக்காடும் மற்றவர் மேனி 20 விழுக்காடும் ஒளி திருப்புவதாகக் கொண்டால் இடையில் ஒரு படி உள்ளது. கருநிறம் உடையவருக்காக ஒட்டுமொத்த ஒளியைக் கூட்டினால் மற்றவர் வெளிறுவார். குறைத்தால் முன்னவரின் முகக்குறிப்பு மறையும். தொலைவிலுள்ள கதிரவனின் ஒளி இருவருக்கும் ஒன்றே. பலகையின் ஒளியோ அருகில் மிகுந்து, விலக விலகக் குறைவது. எனவே நிறம் மிக்கவரைப் பலகைக்கு அருகில் நிறுத்தினால், கேமராவின் அளவை மாற்றாமலே அரைப் படியளவு நிரப்பலாம். எஞ்சிய அரைப் படியை அவ்வாறே விடவேண்டும். இருவரும் ஒரே நிறத்தினர் அல்லர் என்பதும் படம் பதியவேண்டிய உண்மைகளுள் ஒன்று.

கதிரவன் நேரே வில்லையில் விழுந்தால் படம் முழுதும் வெண்புகை படர்ந்ததுபோல் மங்கும். கடற்கரையில் உப்புப் படிந்த வில்லையில் இது இருமடங்காகத் தெரியும். தென்னையின் அடிமரம், மண்டபத் தூண், மணமகனின் தலை ஆகியவற்றுள் ஒன்றால் கதிரவனை மறைத்துக்கொள்வது வழக்கம். கண்ணாடிவழிப் பார்க்கும் கேமராவில், குறிப்பாகத் தொலைநோக்கு வில்லையோடு, கதிரவனை நேரே நோக்குதல் விழித்திரைக்குக் கேடு. அடிவானைத் தொடும் வரை இவ்விலக்கு பொருந்தும்.

திரையும் கையும்

வெயிலில் கேமராவின் திரை மங்கித் தெரியும். படம் இருண்டிருப்பதாக எண்ணிக் கலைஞர் ஒளியைக் கூட்டுவார். அறைக்கு வந்து கணினியில் திறந்தபின்னரே முகங்கள் வெளுத்திருப்பது தெரியவரும். திரையில் கண்ட தோற்றத்தை நம்பாமல் ஒளிப்பரவல் வரைபடத்தையும் நிரம்பிய பகுதிகள் சிமிட்டும் எச்சரிக்கையையும் நம்புவதே முறை.

பிற்பாடு வண்ணம் திருத்துவோருக்கும் ஒரு பற்றுக்கோடு தேவை. திருமண ஒப்பனை முகத்தின் நிறத்தை மாற்றிவிடுகிறது. மருதாணியிட்ட உள்ளங்கையும் பயன்படாது. ஒப்பனைக்கு முன், திறந்த நிழலில், சாம்பல் அட்டையின் அருகே மணமக்கள் இருவரின் முன்கை உட்புறத்தையும் ஒருசேர ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது எளிய வழி. பின்னொளியின் பரவலான வெளிச்சம் ஒப்பனை முடியும் கழுத்துக்கோட்டையும் வளையல் அணிந்த கையின் நிறத்தையும் மறைப்பதில்லை. முகத்தைக் கழுத்தோடும் கையோடும் இசைவிக்க முற்படும் திருத்துநர், பெரும்பாலும் கையை முகத்துக்கு ஏற்ப வெளுப்பாக்குகிறார். முன்கைப் படம் கையில் இருந்தால், முகத்தைக் கைக்கு ஏற்பக் கொண்டுவருவதற்கு அவருக்கு ஒரு சான்று கிடைக்கும். ‘கலர் ஏற்றுங்கள்’ என்று கேட்கும் குடும்பத்தினரிடம் எடுத்துக்காட்டவும் அதே படம் உதவும்.